நடுச்செவிக் கட்டியும் காது ஆபரேஷனும்: அறிக்கையில் வரும் சொற்கள் – கேள்வி பதில்

காது ஆபரேஷனுக்கு இரண்டு நோக்கங்கள் உண்டு. சீழை நிறுத்திக் காதை ஆபத்தில்லாத உலர்ந்த காதாக மாற்றுவது ஒன்று. கேட்கும் திறனை மீட்பது மற்றொன்று. இரண்டும் எப்போதும் சேர்ந்து கிடைப்பதில்லை. முதலாவது முடியாமல் இரண்டாவதில் கை வைப்பதிலும் பயனில்லை. கையில் இருக்கும் அறிக்கையின் ஒவ்வொரு சொல்லும் இந்த இரண்டில் எதைப் பற்றியது என்று பார்த்துக்கொண்டே வந்தால் பாதிக் குழப்பம் தீரும். இங்கே உள்ளவை பொதுவான விளக்கங்கள். முடிவு எடுப்பது உங்கள் காதை நுண்ணோக்கியில் பார்த்த மருத்துவரோடு சேர்ந்துதான்.

கொலஸ்டியடோமா என்று எழுதியிருக்கிறார்கள். புற்றுநோயா?

இல்லை. வெளிக்காதுத் துளையோடு நின்றிருக்க வேண்டிய தோல் நடுச்செவிக்குள் போய், ஒரு பையாகி, அங்கேயே செத்த தோலை உதிர்த்துக்கொண்டிருக்கும் நிலை இது. உதிர்ந்த தோலுக்கு, அதாவது கெரட்டினுக்கு, வெளியேற வழி கிடையாது. வெங்காயத்தைப் போல அடுக்கடுக்காகச் சேர்ந்து பை பெரிதாகிக்கொண்டே போகும். உடலின் வேறு உறுப்புகளுக்கு அது பரவாது. இந்தப் பெயரை 1838-இல் ஜெர்மன் மருத்துவ அறிஞர் யோஹன்னஸ் முல்லர் வைத்தார். பெயரைப் பார்த்துவிட்டு ரத்தக் கொழுப்புப் பரிசோதனைக்கு ஓட வேண்டாம், இரண்டுக்கும் தொடர்பில்லை.

புற்றுநோய் இல்லை என்றதும் நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. பை தரும் அழுத்தமும், அதன் சுவரில் நடக்கும் அழற்சியும் பக்கத்து எலும்பைக் கரைக்கின்றன. நடுச்செவியின் மூன்று சிற்றெலும்புகளில் பெரும்பாலும் முதலில் அரிக்கப்படுவது பட்டடை எலும்பின் நீண்ட கால். அறிக்கையில் இன்கஸ் என்று இருப்பது இந்தப் பட்டடை எலும்புதான். சுத்தி எலும்பை மல்லியஸ் என்றும், அங்கவடி எலும்பை ஸ்டேபிஸ் என்றும் எழுதுவார்கள். அரிப்பு தொடர்ந்தால் தலைசுற்றலுக்குக் காரணமான அரைவட்டக் குழல், முக நரம்பு, மூளையை மறைத்திருக்கும் மெல்லிய எலும்புத் தகடு ஆகியவை அடுத்து ஆபத்துக்குள்ளாகும்.

தோல் எப்படி உள்ளே போகிறது?

அதிகமாக நடப்பது இப்படி. மூக்கின் பின்புறத்தையும் நடுச்செவியையும் இணைக்கும் யூஸ்டேஷியன் குழல் நாம் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் திறந்து, உள்ளே காற்றழுத்தத்தைச் சமன் செய்ய வேண்டும். குழல் சரியாகத் திறக்காவிட்டால் நடுச்செவியில் அழுத்தம் குறைந்து செவிப்பறை உள்நோக்கி இழுபடும். இழுபடும் இடம் பெரும்பாலும் செவிப்பறையின் மேல்பகுதி. அங்கே அது தளர்வாக இருக்கிறது. இப்படி உண்டாகும் குழியைத்தான் ‘ரிட்ராக்‌ஷன் பாக்கெட்’ என்று எழுதுகிறார்கள். குழி ஆழமில்லாமல், அடிப்பகுதி கண்ணுக்குத் தெரிந்து, தானாகவே சுத்தமாகிக்கொண்டிருந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே இருக்கலாம். அடி தெரியாமல் தோல் துகள் சேர ஆரம்பித்துவிட்டால் அது கொலஸ்டியடோமாவின் தொடக்கம். மூக்கை அடிக்கடி உள்ளிழுத்து உறிஞ்சும் பழக்கமும் சிலருக்கு இந்த அழுத்தக் குறைவைக் கூட்டும்.

இரண்டாவது வழி, செவிப்பறையில் ஏற்கெனவே இருக்கும் ஓட்டையின் விளிம்பைத் தாண்டித் தோல் உள்ளே வளர்வது. மூன்றாவது, பிறவியிலேயே செவிப்பறைக்குப் பின்னால் தங்கிவிட்ட தோல் செல்கள். அபூர்வமாக, முந்தைய காது ஆபரேஷனில் உள்ளே சிக்கிக்கொண்ட தோலும் காரணமாவதுண்டு. அறிக்கையில் ‘பிரைமரி அக்வயர்டு’ என்றால் முதல் வழி. ‘செகண்டரி அக்வயர்டு’ என்றால் இரண்டாவது. ‘கன்ஜெனிட்டல்’ என்றால் பிறவி.

‘பார்ஸ் டென்சா’, ‘அட்டிக்’, ‘பத்து மணி’ என்றெல்லாம் எழுதியிருக்கிறதே?

செவிப்பறை ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் உயரமும் 8 மில்லிமீட்டர் அகலமும் உள்ள, 0.1 மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாத சவ்வு. அதன் விறைப்பான பெரிய பகுதி பார்ஸ் டென்சா. மேலே இருக்கும் தளர்வான சிறு பகுதி பார்ஸ் ஃப்ளாசிடா. பார்ஸ் ஃப்ளாசிடாவுக்கு உள்ளே, மேலே உள்ள அறை அட்டிக். அட்டிக்கின் வெளிச்சுவரில் கூர்மையாக நீட்டிக்கொண்டிருக்கும் எலும்பு முனைக்கு ஸ்கூட்டம் என்று பெயர். அட்டிக்குக்குப் பின்னால் ஆன்ட்ரம் என்ற அறையும், அதையொட்டிக் காதுக்குப் பின்னால் கையில் தட்டுப்படும் மாஸ்டாய்டு எலும்பின் காற்றறைகளும் இருக்கின்றன.

மணி எண்கள், செவிப்பறையைக் கடிகார முகப்பாக வைத்து இடம் குறிப்பவை. வலக்காதில் முன்பக்கம் மூன்று மணிப் பக்கமாகவும் இடக்காதில் ஒன்பது மணிப் பக்கமாகவும் வரும். எனவே எந்தக் காது என்று பார்க்காமல் மணியை மட்டும் ஒப்பிட்டால் தப்பாகிவிடும்.

‘சேஃப்’, ‘அன்சேஃப்’ என்று சொல்கிறார்கள். என்ன வேறுபாடு?

நாள்பட்ட காதுச் சீழை, சுருக்கமாக சி.எஸ்.ஓ.எம்., இரண்டு வகையாகப் பிரிக்கும் பழைய சொற்கள் இவை. ஓட்டை செவிப்பறையின் விறைப்பான பகுதியில், நடுவில், சுற்றிலும் விளிம்பு மிஞ்சியிருக்குமாறு இருந்தால் சேஃப். சளி பிடிக்கும்போது நாற்றமில்லாத, நூல் போல இழுபடும் சீழ் நிறைய வரும், பிறகு நிற்கும். ஓட்டையோ குழியோ அட்டிக்கிலோ விளிம்பை ஒட்டியோ இருந்து, சீழ் கொஞ்சமாக, ஆனால் நாற்றத்தோடு இடைவிடாமல் வந்தால் அன்சேஃப். இப்போது முதலாவதை ‘மியூக்கோசல்’ என்றும் இரண்டாவதை ‘ஸ்குவாமஸ்’ என்றும் எழுதுவது வழக்கம். ‘டியூபோடிம்பானிக்’, ‘அட்டிக்கோ ஆன்ட்ரல்’ என்பவையும் இதே பிரிவின் வேறு பெயர்கள்.

சேஃப் என்ற சொல்லை நாங்கள் அதிகம் விரும்புவதில்லை. அந்தக் காதிலும் கேட்கும் திறன் குறைந்துகொண்டே போகலாம். அபூர்வமாகக் கடுமையான சிக்கலும் வரலாம். ஆபத்து குறைவு என்பதே அதன் பொருள்.

வலியே இல்லையே. அப்புறம் என்ன அவசரம்?

கொலஸ்டியடோமா பெரும்பாலும் வலிக்காது. வலி வந்தால் உள்ளே வேறேதோ கிளம்பியிருக்கிறது என்று பொருள். சீழ் வரும் காதோடு கீழ்க்கண்டவற்றில் ஒன்று சேர்ந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்: முகத்தின் ஒரு பக்கம் கோணுதல், எழுந்து நிற்க முடியாத தலைசுற்றல், காதுக்குப் பின்னால் வீக்கமும் சிவப்பும், குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், கடுந்தலைவலியோடு வாந்தி, கழுத்தை மடக்க முடியாத விறைப்பு, தூக்கக் கலக்கம் போன்ற மயக்கம், திடீரென்று கேட்காமல் போவது. மூளையுறை அழற்சி, மூளைச் சீழ்க்கட்டி, மூளையின் பெரிய சிரையில் ரத்தம் உறைதல் ஆகியவை இவற்றுக்குப் பின்னால் இருக்கக்கூடும்.

நடுச்செவியில் வேறு என்ன ‘கட்டிகள்’ வரும்?

அறிக்கையில் ‘மாஸ்’ அல்லது ‘க்ரோத்’ என்று மட்டும் இருந்தால், ஏதோ ஒன்று தெரிகிறது என்று பொருள்; என்னவென்று இன்னும் முடிவாகவில்லை. செவிப்பறை வழியே தெரியும் நிறம் நல்ல துப்பு.

சிவப்பாகவும், இதயத் துடிப்போடு சேர்ந்து துடிப்பதாகவும் இருந்தால் குளோமஸ் கட்டி, அதாவது பாராகாங்லியோமா, என்று சந்தேகிப்பார்கள். ரத்த நாளங்கள் நிறைந்த கட்டி இது. நோயாளிக்கும் காதுக்குள் நாடித்துடிப்பு கேட்கும். ஸ்கேன் எடுக்கும் முன்பே கிள்ளி எடுத்துச் சோதிப்பது ரத்தப்பெருக்கில் முடியும். நடுச்செவிக்குள்ளேயே இருந்தால் குளோமஸ் டிம்பானிக்கம். கழுத்துச் சிரையின் குமிழிலிருந்து எழுந்து வந்தால் குளோமஸ் ஜுகுலாரே. இரண்டாவதன் சிகிச்சை முற்றிலும் வேறு.

நீலமாகவோ பழுப்பாகவோ தெரிவது கொலஸ்டிரால் கிரானுலோமாவாக இருக்கலாம். கொலஸ்டியடோமாவோடு இதைக் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம். பழைய ரத்தக் கசிவு தேங்கி, அதைச் சுற்றி உடல் காட்டும் அழற்சிதான் இது. இதில் தோல் பை கிடையாது. மேல்நோக்கி வந்த கழுத்துச் சிரையும் சில சமயம் நீலமாகத் தெரியும்.

செவிப்பறையில் சுண்ணாம்பு பூசியது போன்ற வெள்ளைத் திட்டு டிம்பனோஸ்கிளீரோசிஸ்: பழைய அழற்சியின் தழும்பு. செவிப்பறையோடு நின்றால் பெரும்பாலும் ஒன்றும் செய்ய வேண்டாம். சிற்றெலும்புகளைச் சுற்றி இறுகிவிட்டால் கேட்கும் திறன் குறையும்.

அடுத்தது பாலிப். காதுத் துளையில் எட்டிப் பார்க்கும் சிவந்த சதை. பாலிப்பும், கிரானுலேஷன் என்ற சிவந்த புண்சதையும் பெரும்பாலும் தனி நோயல்ல, பின்னால் கொலஸ்டியடோமா மறைந்திருப்பதற்கான அடையாளம். வெளிநோயாளிப் பிரிவில் பிடித்து இழுத்துவிடக் கூடாது. அதன் வேர் முக நரம்பிலோ அங்கவடி எலும்பிலோ ஒட்டியிருக்கலாம். எடுத்த சதையை எப்போதும் திசுப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும், ஏனென்றால் நடுச்செவிப் புற்றுநோய் அபூர்வமானாலும் ஆறாத பாலிப்பாகவும், ரத்தம் கலந்த சீழாகவும், இடைவிடாத வலியாகவுமே அது வெளிப்படும்.

வெளிக்காதுத் துளையில் வரும் எக்ஸோஸ்டோசிஸ், ஆஸ்டியோமா ஆகியவை எலும்புப் புடைப்புகள். நடுச்செவியைச் சேர்ந்தவை அல்ல.

சொட்டு மருந்திலேயே சரியாகாதா?

சீழ் குறையும், நாற்றம் போகும். பை போகாது. செத்த தோலுக்குள் ரத்த ஓட்டம் இல்லாததால் மாத்திரையாகவோ ஊசியாகவோ தரும் மருந்து அங்கே எட்டுவதே இல்லை. அதனால்தான் மருந்தை நிறுத்திய சில வாரங்களில் சீழ் திரும்பி வருகிறது.

செவிப்பறையில் ஓட்டை இருக்கும்போது ஜென்டாமைசின், நியோமைசின் கலந்த சொட்டு மருந்துகள் உள்செவிக்குக் கேடு செய்யக்கூடியவை. சிப்ரோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின் வகைகளையே பொதுவாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். வீட்டில் மிச்சமிருக்கும் பழைய குப்பியை எடுத்து ஊற்றும் முன் பெயரைப் பாருங்கள். மருந்து போடும் முன் காதைச் சுத்தம் செய்யாவிட்டால் அது சீழின் மேலேயே மிதந்துவிட்டு வெளியே வழிந்துவிடும். எண்ணெய் கூடவே கூடாது.

ஆடியோகிராம் வரைபடத்தை எப்படிப் படிப்பது?

இடமிருந்து வலமாகச் சுருதி, ஹெர்ட்ஸில். மேலிருந்து கீழாகச் சத்தத்தின் அளவு, டெசிபெல்லில். கோடு கீழே இறங்க இறங்கக் கேட்கும் திறன் குறைவு. வலக்காது சிவப்பு வட்டம், இடக்காது நீலப் பெருக்கல் குறி. இவை ஹெட்போன் வழியாகக் காற்றில் வந்த ஒலிக்கு. காதுக்குப் பின்னால் எலும்பின் மேல் அதிர்வுக் கருவி வைத்து எடுத்தவை அடைப்புக்குறி போன்ற சின்னங்களாக இருக்கும்.

காற்றுக் கோட்டுக்கும் எலும்புக் கோட்டுக்கும் இடைவெளி இருந்தால் அதற்குப் பெயர் ஏர்-போன் கேப். உள்செவி நன்றாக இருக்கிறது, ஒலி அங்கே போய்ச் சேரும் வழியில்தான் தடை என்று அது சொல்கிறது. இந்த வகைக் குறைபாடு ‘கண்டக்டிவ்’. ஆபரேஷனால் மீட்க வாய்ப்புள்ளது இந்த இடைவெளி மட்டுமே. இரண்டு கோடுகளும் சேர்ந்தே இறங்கியிருந்தால் ‘சென்சரிநியூரல்’: நரம்பு அல்லது உள்செவிக் குறைபாடு, நடுச்செவி ஆபரேஷன் அதைச் சரிசெய்யாது. இரண்டும் கலந்தால் ‘மிக்ஸ்டு’. செவிப்பறை முழுதாக இருந்தும் சிற்றெலும்புத் தொடர் அறுந்திருந்தால் இடைவெளி 60 டெசிபெல் வரை போகலாம். இதற்கு எதிரான விந்தையும் உண்டு: எலும்பு அரிக்கப்பட்ட இடத்தில் கொலஸ்டியடோமாவே பாலமாக நின்று ஒலியைக் கடத்தும். ஆபரேஷனுக்கு முன் நன்றாகக் கேட்ட காது, நோயை எடுத்தபின் குறைவாகக் கேட்பதற்கு இது ஒரு காரணம். இதை முன்கூட்டியே நோயாளிக்குச் சொல்லிவிட வேண்டும்.

குறைபாட்டின் அளவுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் 2021 அட்டவணை, டெசிபெல்லில்: 20-க்குக் கீழே இயல்பு, 20 முதல் 35-க்குள் லேசானது, 35 முதல் 50-க்குள் மிதமானது, 50 முதல் 65-க்குள் சற்றுக் கடுமை, 65 முதல் 80-க்குள் கடுமை, 80 முதல் 95-க்குள் மிகக் கடுமை, அதற்கு மேல் முழு இழப்பு. பழைய அட்டவணைகளில் எல்லைகள் வேறு. ஆகவே இரண்டு அறிக்கைகளை ஒப்பிடும்போது ‘மைல்டு’, ‘மாடரேட்’ என்ற சொற்களை விட்டுவிட்டு எண்களைப் பாருங்கள்.

டிம்பனோகிராமில் ஏ, பி, சி என்றால்?

நடுச்செவியின் அழுத்தத்தையும் செவிப்பறையின் அசைவையும் அளக்கும் சோதனை இது. ஏ: அழுத்தமும் அசைவும் இயல்பு. சி: நடுச்செவியில் அழுத்தம் குறைவு. பி: தட்டையான கோடு. பி வந்தால் பக்கத்தில் இருக்கும் காதுத் துளைக் கொள்ளளவைப் பாருங்கள். இயல்பாக இருந்தால் உள்ளே நீர், மிக அதிகமாக இருந்தால் செவிப்பறையில் ஓட்டை.

சி.டி. ஸ்கேனா, எம்.ஆர்.ஐ.யா?

கேள்வி வேறு, கருவி வேறு. எலும்பு எங்கே எவ்வளவு அரிக்கப்பட்டிருக்கிறது என்று காட்டுவது பொட்டெலும்பின் ஹெச்.ஆர்.சி.டி., அதாவது நுணுக்கமான சி.டி. ஸ்கேன். ஆபரேஷன் செய்பவருக்கு அதுவே வரைபடம். ஸ்கூட்டம் மழுங்கியிருக்கிறதா, அரைவட்டக் குழலின் மேல் எலும்பு திறந்திருக்கிறதா, முக நரம்பின் உறை முழுதாக இருக்கிறதா, டெக்மென் என்ற மேல் தகட்டில் ஓட்டை உண்டா என்பதையெல்லாம் அதில் பார்க்கலாம். ஆனால் ‘சாஃப்ட் டிஷ்யூ ஒபாசிட்டி’ என்று அறிக்கை சொன்னால் அது கொலஸ்டியடோமா என்று உறுதியாகாது. சீழும் வீங்கிய சவ்வும் சி.டி.யில் ஒரே சாம்பல் நிறமாகத்தான் தெரியும்.

அதைப் பிரித்துக் காட்டுவது எம்.ஆர்.ஐ.யில் ‘டிஃப்யூஷன்’ முறை, குறிப்பாக ‘நான்-ஈ.பி.ஐ.’ வகை. கொலஸ்டியடோமா அதில் வெள்ளையாக ஒளிரும். 3 மில்லிமீட்டருக்குக் குறைந்தது தப்பிவிடலாம். எனவே ஆபரேஷன் முடிந்த உடனே எடுத்த ஸ்கேன் சுத்தமாக இருப்பது நிம்மதிக்குப் போதாது; மிச்சம் வளரக் கால அவகாசம் கொடுத்து, வழக்கமாக ஓராண்டு போல, எடுக்க வேண்டும்.

ஆபரேஷன் பெயர்கள் வாயில் நுழையவில்லை.

பெயரின் வாலைப் பாருங்கள். ‘ஆட்டமி’ என்று முடிந்தால் வெட்டித் திறப்பது, ‘எக்டமி’ என்றால் எடுத்துவிடுவது, ‘பிளாஸ்டி’ என்றால் சீரமைப்பது.

மிரிங்காட்டமி: செவிப்பறையில் சிறு கீறல், உள்ளே தேங்கிய நீரை வெளியேற்ற. அந்தக் கீறலில் வைக்கும் சிறு குழாய் கிரோமெட். வழக்கமான வகை ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை இருந்து தானே விழுந்துவிடும். மிரிங்கோபிளாஸ்டி: செவிப்பறை ஓட்டையை மட்டும் அடைப்பது. டிம்பனோபிளாஸ்டி: ஓட்டையை அடைப்பதோடு நடுச்செவிக்குள்ளும் பார்த்துச் சரிசெய்வது. ஒட்டுப் போடக் காதுக்கு மேலுள்ள பொட்டுத் தசையின் உறையையோ, காதுமடல் முன்புறக் குருத்தெலும்பையோ எடுப்பார்கள். மீண்டும் உள்ளிழுபடக்கூடிய செவிப்பறைக்குக் குருத்தெலும்பே உறுதி. ஆஸிகுலோபிளாஸ்டி: சிற்றெலும்புத் தொடரை மறுபடி இணைப்பது. மாஸ்டாய்டெக்டமி: மாஸ்டாய்டு எலும்பைக் குடைந்து நோயை எடுப்பது. அட்டிக்காட்டமி: அட்டிக்கின் வெளிச்சுவரை மட்டும் திறப்பது. மீட்டோபிளாஸ்டி: காதுத் துளையின் வாயை அகலப்படுத்துவது. ஸ்டேபிடாட்டமி இந்தக் குடும்பத்தில் சேராது. ஆட்டோஸ்கிளீரோசிஸில் இறுகிப்போன அங்கவடி எலும்பில் துளையிட்டுச் சிறு செயற்கைத் தண்டைப் பொருத்துவது அது.

டிம்பனோபிளாஸ்டிக்கு ‘டைப்’ எண்கள் 1950களில் வுல்ஸ்டைன் வகுத்தவை. டைப் 1: சிற்றெலும்புகள் மூன்றும் நலம், செவிப்பறை மட்டும் அடைப்பு. டைப் 3: ஒட்டு நேராக அங்கவடி எலும்பின் தலையில் படிகிறது. எண் கூடக் கூட மிஞ்சியிருக்கும் எலும்பு குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள்; 4, 5 இப்போது அரிதாகவே கண்ணில் படும்.

‘கேனல் வால் அப்’, ‘கேனல் வால் டவுன்’: எதைத் தேர்ந்தெடுப்பது?

காதுத் துளைக்கும் மாஸ்டாய்டு அறைக்கும் நடுவே ஓர் எலும்புச் சுவர் இருக்கிறது. அதை விட்டுவைப்பதா, எடுத்துவிடுவதா என்பதுதான் மொத்த விவாதமும்.

சுவரை விட்டுவைத்தால் காதின் உருவம் மாறாது. ஆறியபின் தண்ணீர் பயம் குறைவு, கேட்கும் கருவி எளிதாகப் பொருந்தும். ஆனால் சுவருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத மூலைகள் உண்டு, நோய் மிஞ்சும் வாய்ப்பும் திரும்பும் வாய்ப்பும் அதிகம். அதனால் ஒன்பது முதல் பதினெட்டு மாதத்துக்குள் மறுபடி திறந்து பார்ப்பதோ, எம்.ஆர்.ஐ. எடுப்பதோ திட்டத்திலேயே இருக்கும். ‘செகண்ட் லுக்’ என்பது இதுதான். முதல் ஆபரேஷன் தோற்றுவிட்டது என்று இதற்குப் பொருளில்லை. சிற்றெலும்புச் சீரமைப்பையும் அந்த இரண்டாவது முறைக்கே ஒத்திவைப்பவர்கள் உண்டு.

சுவரை எடுத்துவிட்டால் காதுத் துளையும் மாஸ்டாய்டும் ஒரே குழியாகிவிடும். மூலைகள் எல்லாம் திறந்துவிடுவதால் நோய் திரும்புவது குறைவு, திரும்பினாலும் சீக்கிரம் கண்ணில் படும். விலையும் உண்டு. அந்தக் குழி தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளாது. ஆறு மாதத்துக்கோ ஓராண்டுக்கோ ஒருமுறை, ஆயுள் முழுக்க, மருத்துவர் சுத்தம் செய்ய வேண்டும். தண்ணீர் போனால் சீழ் வரும். குளிர்ந்த தண்ணீரோ குளிர்காற்றோ நேராக அரைவட்டக் குழலைத் தொடுவதால் தலை சுற்றும். குழியின் வாய் சிறிதாக இருந்தாலோ, முக நரம்பை மூடிய எலும்பு மேடு உயரமாக விடப்பட்டிருந்தாலோ குழி காயவே காயாது. ஆபரேஷன் முடிந்தும் சீழ் நிற்கவில்லை என்று வருபவர்களிடம் முதலில் பார்க்க வேண்டியவை இந்த இரண்டும்தான். ‘மாடிஃபைடு ராடிக்கல்’ என்றால் சுவரை எடுத்து, நல்ல சிற்றெலும்பையும் செவிப்பறையையும் காப்பாற்றியது. ‘ராடிக்கல்’ என்றால் அவற்றையும் விட்டுக்கொடுத்தது. குழியைத் தசை, எலும்புத்தூள் போன்றவற்றால் நிரப்பிச் சிறிதாக்கினால் ‘ஆப்ளிட்டரேஷன்’.

தேர்வு எதைப் பொறுத்தது? மறுபரிசோதனைக்கு ஒழுங்காக வர முடியாதவர், ஒரே காதில் மட்டும் கேட்பவர், அரைவட்டக் குழலில் ஏற்கெனவே துளை விழுந்தவர் ஆகியோருக்குச் சுவரை எடுப்பதே பொதுவாக நியாயமாகப் படுகிறது. நோய் சிறிதாகவும் எட்டக்கூடிய இடத்திலும் இருந்து, தொடர்ந்து வரக்கூடியவர் என்றால் சுவரைக் காப்பாற்றுவது நல்லது. எண்டோஸ்கோப் வழியாக, காதுக்குப் பின்னால் கீறாமலே, துளைக்குள்ளேயே சிறு நோய்களை முடித்துவிடவும் முடியும். மாஸ்டாய்டுக்குள் ஆழமாகப் பரவியிருந்தால் அது போதாது.

‘பார்ப்’, ‘டார்ப்’ என்பவை?

சிற்றெலும்புக்குப் பதிலாக வைக்கும் சிறு செயற்கைத் துண்டுகள், பெரும்பாலும் டைட்டானியம். அங்கவடி எலும்பின் மேல்பகுதி நலமாக இருந்தால் அதன் தலைக்கும் செவிப்பறைக்கும் நடுவே வைப்பது பார்ப். அதுவும் இல்லாமல் அடித்தட்டு மட்டும் மிஞ்சியிருந்தால் டார்ப். பொதுவாகப் பார்ப்பின் பலன் டார்ப்பைவிட மேல். செவிப்பறைக்கும் உலோகத்துக்கும் நடுவே குருத்தெலும்புத் துண்டு வைக்காவிட்டால் உலோகம் நாளடைவில் துளைத்து வெளியே வந்துவிடும். வெற்றி என்று கணக்கிடுவது ஏர்-போன் கேப் 20 டெசிபெல்லுக்குள் வருவதை. முழுக் கேள்வித்திறனை யாரும் வாக்களிக்க முடியாது.

ஒப்புதல் படிவத்தில் இருக்கும் ஆபத்துகள் எவ்வளவு உண்மையானவை?

எல்லாமே உண்மை, அளவுதான் வேறு. நாக்கின் ஒரு பக்கம் சுவை மாறி உலோகச் சுவை தட்டுவது அடிக்கடி நடக்கும். சுவை நரம்பான கார்டா டிம்பனி நடுச்செவிக்குள்ளேயே ஓடுவதால் அதைத் தொடாமல் வேலை செய்வது கடினம். பெரும்பாலும் சில மாதங்களில் சரியாகும். காதுமடலின் மேல்பகுதி மரத்துப்போவதும் அப்படியே. ஒட்டு பிடிக்காமல் போவது எளிய ஓட்டை அடைப்பில்கூட உண்டு. புகை பிடிப்பவருக்கு அதிகம். அந்தக் காதில் கேட்பதே முற்றிலும் போய்விடுவது, முகம் கோணுவது ஆகியவை அபூர்வம். நோய் ஏற்கெனவே அரைவட்டக் குழலையோ முக நரம்பையோ திறந்துவிட்டிருந்தால் அந்த ஆபத்து கூடுகிறது. ஆபரேஷனின்போது முக நரம்புக் கண்காணிப்புக் கருவி பயன்படுத்துவார்களா என்று கேட்பது நியாயமான கேள்வி.

ஆபரேஷன் முடிந்தபின்?

தலைக்கட்டு வழக்கமாக மறுநாள் அவிழும், தையல் ஒரு வாரம் பத்து நாளில். காதுக்குள் வைத்த அடைப்பு கரையும் வகையா, இரண்டு மூன்று வாரத்தில் மருத்துவர் எடுக்க வேண்டியதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதுவரை காது அடைத்தே இருக்கும்; கேட்கவில்லை என்று பதற வேண்டாம். உதடு மூடி ‘ம்ம்ம்’ என்று முனகினால் ஒலி ஆபரேஷன் செய்த காதுப் பக்கம் ஒதுங்கினால் உள்செவி வேலை செய்கிறது என்பதற்கு நல்ல அடையாளம். மருத்துவர் நெற்றியில் இசைக்கவை வைத்துச் சோதிப்பதும் இதைத்தான்.

மூக்கைப் பலமாகச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்துவிடுங்கள்; மூக்கைப் பிடித்து அடக்கினால் ஒட்டு தூக்கிக்கொள்ளும். குளிக்கும்போது பெட்ரோலியம் ஜெல்லி தடவிய பஞ்சால் காதை அடைக்க வேண்டும். கனமான தூக்கல் இரண்டு மூன்று வாரம் வேண்டாம். விமானப் பயணம் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் கழித்து. ஸ்டேபிஸ் ஆபரேஷனுக்கும் ஆழ்கடல் முக்குளிப்புக்கும் தனியாகக் கேளுங்கள். ரத்தம் கலந்த சிறு கசிவு, டப் டப் என்ற சத்தம், லேசான கிறுகிறுப்பு சில நாள் இருக்கும். முகம் கோணுதல், அறையே சுழலும் தலைசுற்றல், கூடிக்கொண்டே போகும் வலி, காய்ச்சல், தண்ணீர் போன்ற தெளிந்த ஒழுக்கு: இவற்றுக்குக் காத்திருக்கக் கூடாது. விழித்தவுடன் முகம் கோணலாக இருந்தால் மரத்துப்போக ஊசி போட்டதன் விளைவாகவும் இருக்கலாம், அது சில மணி நேரத்தில் தெளியும். தெளியாவிட்டால் உடனே திறந்து பார்க்க வேண்டியிருக்கும். சில நாள் கழித்து வரும் பலவீனம் பெரும்பாலும் வீக்கத்தால் வருவது, பொதுவாக மீளும்.

கேட்கும் சோதனை ஏறக்குறைய மூன்று மாதம் கழித்து. அதற்கு முன் எடுத்தால் ஒன்றும் தெரியாது.

குழந்தைக்கு என்றால் வேறு கவனம் வேண்டுமா?

வேண்டும். குழந்தைகளிடம் நோய் வேகமாகப் பரவும், திரும்பும் வாய்ப்பும் கூடுதல். பிறவி வகையில் சீழே வராது. முழுதாக இருக்கும் செவிப்பறைக்குப் பின்னால், பெரும்பாலும் முன்மேல் கால்பகுதியில், வெள்ளை முத்தாகத் தெரியும். வேறெதற்கோ பார்க்கும்போது கண்ணில் படும். அண்ணப் பிளவோடு பிறந்த குழந்தைகளுக்கு யூஸ்டேஷியன் குழலின் தசை சரியாக வேலை செய்யாததால் இழுபடும் செவிப்பறை அதிகம். அவர்களின் காதைச் சீழ் வரும்வரை காத்திராமல் தவறாமல் பார்த்துவர வேண்டும்.

‘ரெசிடுவல்’, ‘ரிகரன்ட்’ இரண்டும் ஒன்றுதானா?

இல்லை. ரெசிடுவல் என்றால் முதல் ஆபரேஷனில் எடுபடாமல் மிஞ்சிய தோல் வளர்ந்தது. ரிகரன்ட் என்றால் எல்லாம் எடுத்தபின் செவிப்பறை மறுபடி இழுபட்டுப் புதிதாக உண்டானது. யூஸ்டேஷியன் குழல் சரியாகாதவரை இது வரலாம்.

என்னென்ன தாள்களைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்?

வெளியேற்றச் சீட்டு மட்டும் போதாது. ஆபரேஷன் குறிப்பின் நகலைக் கேட்டு வாங்குங்கள். சுவர் எடுக்கப்பட்டதா, எந்தச் சிற்றெலும்பு மிஞ்சியிருக்கிறது, முக நரம்பும் மூளைத் தகடும் திறந்திருந்தனவா, எங்காவது நோய் விடப்பட்டதா, ஒட்டு எதிலிருந்து எடுத்தது என்பவை அதில்தான் இருக்கும். பத்து ஆண்டு கழித்து வேறொருவர் அதே காதைத் திறக்கும்போது முதலில் தேடப்போவது அந்தத் தாளைத்தான். செயற்கை எலும்பு வைத்திருந்தால் அதன் அட்டையும் வேண்டும். டைட்டானியம் துண்டுகள் எம்.ஆர்.ஐ.க்குப் பொதுவாகத் தடையில்லை, ஆனால் ஸ்கேன் எடுப்பவர் அட்டையைப் பார்க்காமல் உள்ளே விட மாட்டார். அதோடு ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் எடுத்த ஆடியோகிராம், சி.டி.யின் படங்கள் அடங்கிய குறுந்தகடு, திசுப் பரிசோதனை அறிக்கை.